முரண் வேறு, மாறுகோள் வேறு

சென்ற மேழத் திங்களில் எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவர் பேசினார். தொடக்கப் பள்ளி முதல் கல்லூரி ஈறாகத் தமிழே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். நன்றாகவே பேசினார். "தம் மக்களை ஆங்கிலவழிப் பள்ளிக்கு விடுப்போர் தாய்மொழிக்கு இரண்டகம் செய்வோரே" என்று அவர் முழங்கியபொழுது எழுந்த கையொலி அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. நானும் கைதட்டினேன்.

கூட்டம் முடிந்தபின் இருவரும் தேநீர்க் கடையில் நின்றோம். "தம்பி, உன் மகன் எந்தப் பள்ளியிற் பயில்கிறான்?" என்று இயல்பாகக் கேட்டேன். அவர் முகம் மாறிற்று. ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றின் பெயரைச் சொன்னார். சிறிது நேரம் இருவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் அவரே நகைத்துக்கொண்டு, "உலகமே முரண்பாடுதானே, ஐயா! முரண்பாடு இல்லாத பொருளே இல்லை என்று எகல் சொல்லவில்லையா?" என்றார்.

செருமானிய மெய்யியலார் எகல் தேநீர்க் கடையில் இவ்வாறு துணைக்கு அழைக்கப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விடை சொல்லாமல் வீடு திரும்பினேன். ஆயினும் 'முரண்பாடு' என்னும் அச்சொல் என்னை விடவில்லை. சொல்லியதும் செய்வதும் ஒவ்வாமையை ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில், ஒரு சொல் வந்து அவருக்குக் கேடயமாக நின்றது. குற்றம் அச்சொல்லிலா, அதனை நாம் ஆளும் முறையிலா என்று ஆராயப் புகுந்தேன். அவ்வாராய்ச்சியின் பயனையே இங்கு எழுதுகின்றேன்.

மேலை மெய்யியலில் இக்கருத்துக்கு வழங்கும் சொற்களை முதற்கண் நோக்குவோம். ஆங்கிலத்திற் 'கான்டிரடிக்சன்' என்பது இலத்தீனத்தினின்று வந்தது. 'கொந்திரா' என்றால் எதிர்; 'தீக்கெரே' என்றால் சொல்லுதல். ஆகவே அச்சொல்லின் நேர்ப்பொருள் எதிர்சொல்லல் என்பதே. அதற்கு முன்னோடியாகிய கிரேக்கச் சொல்லும் அத்தகையதே. 'அந்தி' என்பது எதிர். 'ஃபாசிசு' என்பது சொல்லுகை. செருமானியர் 'வீடர்சுப்ருக்' என்பர். அதிலும் முன்பகுதி எதிர், பின்பகுதி பேச்சு. மூன்று மொழியிலும் இச்சொல் பிறந்த இடம் வாயே. மலையிலோ ஆற்றிலோ காற்றிலோ அது பிறக்கவில்லை. ஒருவன் ஒன்றைச் சொல்ல, அதற்கு எதிரானதைப் பிறனோ அவனேயோ சொல்லுவது எதுவோ, அதுவே அச்சொற்களின் முதற்பொருள்.

கி.மு. நான்காம் நூற்றாண்டினராகிய அரிசுட்டாட்டில் இதற்கோர் எல்லை கட்டினார். மேலையர் 'மெட்டாபிசிக்சு' என வழங்கும் அவர்தம் நூலின் நான்காம் பகுதியில், ஒரு பண்பு ஒரு பொருளுக்கு ஒரே வேளையில் ஒரே வகையில் உரியதாயும் உரியதன்றாயும் இருத்தல் இயலாது என நாட்டினார். 'ஒரே வேளையில்', 'ஒரே வகையில்' என்னும் இரண்டு வரம்புகளையும் கருத்தில் இருத்துக. காலையிற் குளிர்ந்த நீர் நண்பகலில் வெம்மையுறுவது எதிர்சொல்லல் ஆகாது, வேளை வேறு. ஒருவர் தம் மகனுக்குத் தந்தையாயும் தம் தந்தைக்கு மகனாயும் இருப்பதும் ஆகாது, வகை வேறு. இவ்விரண்டு வரம்பினுள்ளும் நின்றுகொண்டு 'ஆம்' என்றும் 'அன்று' என்றும் ஒருங்கே சொல்லுவானாயின், அவன் எதனையும் சொல்லாதவன் ஆகின்றான். அவனோடு சொற்போர் நிகழ்த்துதல் மரத்தோடு பேசுதலை ஒக்கும் என்பது அப்பேரறிஞரின் கருத்து.

இனிக் கிழக்கே சீனத்துக்குச் செல்வோம். சீனமொழியில் இக்கருத்துக்கு வழங்கும் சொல் 'மாவ்தூன்' என்பது. 'மாவ்' என்றால் வேல். 'தூன்' என்றால் கேடயம். இச்சொல்லுக்கு அடிநிலையாக ஒரு கதையுண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆன் பெய் என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் நூலில் அது உள்ளது. சூ நாட்டு வணிகன் ஒருவன் வேலும் கேடயமும் விற்றான். தன் கேடயத்தை எடுத்து, எதனாலும் துளைக்கவொண்ணாதது இது என்றான். பின்னர்த் தன் வேலை எடுத்து, எதனையும் துளைக்கவல்லது இது என்றான். கேட்டு நின்ற ஒருவன், உன் வேலால் உன் கேடயத்தைக் குத்தினால் என்னாகும் என வினவினான். வணிகனால் விடை சொல்ல முடியவில்லை.

இக்கதையைச் சற்று நின்று நோக்குக. வேலும் கேடயமும் ஒன்றற்கொன்று எதிர் நிற்பன. ஒன்று தாக்க, ஒன்று தாங்கும். அவ்வெதிர்ப்பில் பிழையொன்றும் இல்லை. உலகத்துப் போர்க்களங்களில் எல்லாம் அவை இரண்டும் எதிர்நின்றன. விடை தெரியாமல் நின்றவை வேலும் கேடயமும் அல்ல. விற்க வந்தவன் வாயே. பொருள்களின் எதிர்ப்பு ஒன்று. வணிகன் கூற்றின் பிழை மற்றொன்று. ஆனால் சீனமொழி இரண்டற்கும் 'வேல்கேடயம்' என்னும் ஒரு பெயரையே இட்டுக்கொண்டது. மா சே துங்கு 1937-ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலும் இச்சொல்லே நின்றது. அங்கு அது வணிகன் வாயைக் குறிக்கவில்லை; உலகத்துப் பொருள்களிலும் குமுகாயத்திலும் உள்ள எதிர்ப்புகளைக் குறித்தது.

வாயிற் பிறந்த சொல் பொருளுக்கு ஏறிய இவ்வரலாறு மேலை நாட்டிலும் நிகழ்ந்தது. ஏறுவதற்குச் சற்று முன்னரே, இரண்டையும் வேறுபடுத்தி எச்சரித்தார் ஒருவர். அவர் இம்மானுவேல் காண்டு. 1763-இல் எதிர்மறை அளவுகளைப் பற்றி அவர் எழுதிய சிறுநூலில், ஏரணத்து எதிர்ப்பு வேறு, மெய்யான எதிர்ப்பு வேறு எனக் கோடு கிழித்தார். போர்த்துக்கல்லினின்று பிரேசிலுக்குச் செல்லும் கப்பலை அவர் எடுத்துக்காட்டினார். கீழ்க்காற்று அதனை முன்னே செலுத்தும். மேல்காற்று பின்னே தள்ளும். இரண்டு காற்றும் உண்மையானவை. ஒன்றன் பயனை மற்றொன்று குறைக்கும். சம ஆற்றலோடு இரண்டு விசைகள் ஒரு பொருளை எதிரெதிரே இழுப்பின் அப்பொருள் அசையாது நிற்கும். நிற்றலும் ஒரு நிலையே. அதனை நாம் கண்ணாற் காணலாம். ஆனால் ஒரே வேளையில் அசைவதும் அசையாததுமாகிய பொருள் ஒன்றனை யாரும் காணவியலாது. அது வெறுஞ்சொல்.

நம்மூர்த் திருவிழாவில் வடம் இழுப்போரைப் பார்த்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா. இருபுறத்தாரும் இழுக்க வடம் நின்ற இடத்தில் நிற்கும். அங்கே யாரும் பொய் சொல்லவில்லை.

எகல் 1812 முதல் 1816 வரை வெளியிட்ட தம் ஏரண நூலில் இக்கோட்டை அழித்தார். எதிர்சொல்லல் என்னும் பொருளுடைய அந்தச் செருமானியச் சொல்லையே பொருள்களின் உள்ளியல்பாக வைத்து, இயக்கத்திற்கும் உயிர்ப்புக்கும் அதுவே வேர் என்றார். மார்க்கசு அம்முறையைத் தம் வழியில் திருப்பி, முதலீட்டுக்கும் உழைப்புக்கும் இடையிலுள்ள எதிர்ப்பை ஆராய்ந்தார்; 1867-இல் அவர்தம் 'மூலதனம்' முதற்பகுதி வெளிவந்தது. இவர்கள் கண்ட உண்மையை நான் மறுக்க வரவில்லை. ஆலையுடையவர் நலனும் ஆலையில் உழைப்பவர் நலனும் எதிர்நிற்பதைக் காண எகலும் வேண்டா, மார்க்கசும் வேண்டா. சம்பள நாளில் ஆலை வாயிலில் நின்றால் போதும். என் வழக்கு அவர்தம் கொள்கையோடு அன்று. எதிர்சொல்லலுக்கும் எதிர்நிற்றலுக்கும் ஒரே சொல்லை ஆண்டதனால் விளைந்த மயக்கத்தோடுதான் என் வழக்கு. உலகில் எங்கும் எதிர்ப்பு உண்டு என்பது உண்மையாயின், என் பேச்சிலும் எதிர்ப்பு இருந்தால் என்ன என்று எவரும் சொல்லிவிடலாம். தேநீர்க் கடையில் என் மாணவர் சொன்னதும் இதுவே.

வடமொழியார் இக்கருத்துக்கு 'விருத்தம்' என்றும் 'விரோதம்' என்றும் வழங்குவர். தடுத்தற் பொருளதாகிய 'ருத்' என்னும் வேரிற் பிறந்தவை அவை. அவர்தம் மொழியில் அச்சொல்லுக்குரிய இடம் அதற்கு உண்டு. அதனைப் பழிப்பது என் வேலையன்று. அது தமிழுக்குள் வந்தபின் என்னாயிற்று என்பதே நாம் கேட்க வேண்டியது.

ஒருமுறை மேல்வகுப்பு மாணவர்க்கு மணிமேகலையின் 29-ஆம் காதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைநெறி உணர்த்தும் பகுதி அது. பக்கப் போலிகளை எண்ணுமிடத்து 'சுவசன விருத்தம்' என்றொன்று வரும். "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டேன். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஆசிரிய விருத்தம் போல அதுவும் ஒரு பாவகை, ஐயா" என்றான். வகுப்பு நகைத்தது, நான் நகைக்கவில்லை. அவன்மேல் பிழையில்லை. வட்டமாதல் பொருளுடைய ஒரு வடசொல் தமிழில் 'விருத்தம்' எனப் பாவைக் குறித்தது. முதிர்தற் பொருளுடைய வேறொன்றும் 'விருத்தம்' ஆயிற்று. முதுகுன்றம் என்னும் அழகிய ஊர்ப்பெயர் விருத்தாசலம் ஆனது அதனால்தான். தடைப்படுதற் பொருளுடைய மூன்றாவதும் 'விருத்தம்' என்றே ஆயிற்று. வடமொழியில் மூன்று வேறு சொற்கள். தமிழில் ஒலியால் ஒன்று. முரணைக் குறிக்க வந்த சொல்லே மூன்று பொருளிடையே முட்டிக்கொண்டு நிற்பதை என்னென்பது!

அவ்விடத்தில் நூலாசிரியர் சாத்தனார் செய்த நல்வினை ஒன்றுண்டு. 'சுவசன விருத்தம்' என்னும் பெயரைச் சொன்ன கையோடு, தன் சொல்லினின்று தானே மாறிக் கூறுவது அது என்னும் பொருள்படத் தமிழில் விளக்கினார். தன் தாயை மலடி என்று ஒருவன் சொல்லுவதை எடுத்துக்காட்டாகவும் வைத்தார். எத்துணைக் கூரிய எடுத்துக்காட்டு! சொல்லுகின்றவன் பிறந்து வந்து நிற்பதே அவன் சொல்லைப் பொய்யாக்கிவிடுகின்றது. பிழை தாயிடத்தும் இல்லை, பிறப்பிடத்தும் இல்லை. மகன் வாயில் உள்ளது. அக்குறியீட்டை விளக்கச் சாத்தனார் நாடியது 'மாறு' என்னும் தமிழ்ச்சொல்லையே.

இனித் தமிழுக்கு வருவோம். தொல்காப்பியத்தை எடுத்துக்கொள்க. அதன் மரபியலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்கள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று 'மாறுகொளக் கூறல்'. முன்னர்ச் சொன்னதற்கு எதிரானதைப் பின்னர்ச் சொல்லுதல் என்பது பொருள். பவணந்தியாரும் நன்னூலில் பத்துக் குற்றங்களுள் இதனை அப்பெயராலேயே வைத்தார். கிரேக்கரும் இலத்தீனரும் எதிர்சொல்லல் என்று எதனைக் குறித்தனரோ, அதனை அப்படியே குறிப்பது 'மாறுகொளக் கூறல்' என்னும் இத்தொடர். நூல் எழுதுவோன் பிழையை நுனித்து நோக்கிய கண்ணால் நம் முன்னோர் இட்ட பெயர் அது.

அதே தொல்காப்பியத்தின் செய்யுளியலைத் திறந்து பார்க்க. மோனை, எதுகை, முரண், இயைபு எனத் தொடைகள் எண்ணப்படுகின்றன. சொல்லாலோ பொருளாலோ ஒன்றற்கொன்று எதிர்நிற்பனவற்றை ஓரிடத்து வைப்பது முரண்தொடை. இருளும் ஒளியும், இனிப்பும் கைப்பும், நிலமும் நீரும் என எதிர்ப்பன இரண்டும் அடிகளில் இணைந்து நிற்கும். பிற்காலத்து யாப்பு நூலார் அதனை அடிமுரண், இணைமுரண், பொழிப்புமுரண் முதலாக எண்வகையாக விரித்தனர். தொடை என்பது தொடுக்கப்பட்டது. மாலையைத் தொடுப்பது போலச் செய்யுளைத் தொடுக்கும் வகைகளுள் ஒன்றாக முரண் வைக்கப்பட்டது.

அன்பர்களே, இவ்விரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே நூல், முரணை அழகுகளோடு வைத்தது, மாறுகொளக் கூறலைக் குற்றங்களோடு வைத்தது. முரண் கட்டும்; மாறுகொளல் கட்டியதை அவிழ்த்துவிடும். முரண்தொடை அமைந்த அடியில் இருளும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. இரண்டும் நின்று ஒன்றால் ஒன்று விளங்கும். மாறுகொளக் கூறிய நூலிலோ முன் கூற்றைப் பின் கூற்று விழுங்கிவிடும். கற்பவன் கையில் எஞ்சுவது ஒன்றுமில்லை. காண்டு 1763-இல் கிழித்த கோடு, குற்றப் பட்டியலிலும் தொடைப் பட்டியலிலும் வேறுவேறு பெயரோடு நம் இலக்கணத்தில் முன்னரே கிடந்தது. தொல்காப்பியர் காண்டின் மெய்யியலை முன்னரே எழுதிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பொய்ப்பெருமையே. எதிர்நிற்றலையும் எதிர்சொல்லலையும் ஒரே பெயரால் அழைக்க வேண்டிய தேவை தமிழனுக்கு இல்லை என்பது மட்டுமே என் முடிபு.

சொற்களின் உள்ளே சென்றாலும் இதே குறிப்புத் தோன்றும். பழைய செய்யுள்களில் 'முரண்' என்பதற்கு வலிமை, பகை, மாறுபாடு என்னும் பொருள்கள் உண்டு. இன்றும் அடம்பிடிக்கும் குழந்தையை முரண்டு பிடிக்கிறது என்கிறோம். மாடு முரண்டு பண்ணுகிறது என்று உழவர் சொல்லுவர். வாயில்லாத மாட்டுக்கும் முரண் உண்டு! ஆற்றலோடு எதிர்த்து நிற்றலே அச்சொல்லின் உயிர். அவ்வெதிர்ப்புக்குப் பேச்சு வேண்டுவதில்லை. 'மாறு' என்பதற்கும் எதிர் என்னும் பொருளும் பகை என்னும் பொருளும் உண்டு. மாற்றார் என்றால் பகைவர். ஆனால் 'மாறுகொளல்' என்பதிலுள்ள 'கொள்' என்னும் வினையைக் காண்க. கொள்ளுவதற்கு ஓர் உள்ளம் வேண்டும். கொள்கை, கோட்பாடு, கோள் என்பனவெல்லாம் உள்ளம் கொள்ளுவனவற்றின் பெயர்கள். 'முரண்படு' என்பதிலோ 'படு' என்னும் வினை உள்ளது. காற்றும் காற்றும் முரண்படும். நலனும் நலனும் முரண்படும். படுதல் பொருள்களுக்கு நேர்வது. கொள்ளுதல் மாந்தன் செய்வது. முன்னதற்கு அவன் பொறுப்பாளனல்லன், பின்னதற்குப் பொறுப்பாளன்.

பழைய புலவர்கள் இவ்வேலியை எங்கும் தாண்டாமல் எழுதினர் என்று நான் வற்புறுத்தவில்லை. செய்யுளில் இரண்டும் கலந்து வரும் இடங்கள் உண்டு. ஆயினும் கலைச்சொல் என்பது மொழி இயல்பாகச் சாயும் பக்கத்தை அறிந்து, அங்கே வரம்பு கட்டுவதால் அமைவது. தமிழ் சாயும் பக்கம் இதுவே.

இன்னும் ஒரு சொல்லும் நமக்கு உண்டு. 'மறுதலை' என்பது அது. ஒரு தலை இருக்க, அதற்கு மறுபக்கத்துத் தலை மறுதலை. பிறர் கூறும் மறுதலையைச் சிதைத்துத் தன் துணிபை நிறுத்துவதைத் தொல்காப்பியர் நூலுக்குரிய உத்திகளுள் ஒன்றாகச் சொன்னார். ஏரணம் பயிற்றுவோர்க்கு இச்சொல் பெரிதும் பயன்படும். 'இத்துணி வெள்ளை' என்பதற்கு 'இத்துணி வெள்ளையன்று' என்பது மறுதலை. இரண்டனுள் ஒன்று மெய்யாயின் மற்றொன்று பொய்யாதல் உறுதி. 'இத்துணி கருப்பு' என்பது மறுதலையன்று. துணி சிவப்பாக இருந்தால் வெள்ளை என்பதும் பொய், கருப்பு என்பதும் பொய். வெண்மையும் கருமையும் முரண். அரிசுட்டாட்டில் வகுத்த இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க மறுதலை, முரண் என்னும் இரண்டு சொற்களும் போதும்.

ஆகவே என் பரிந்துரை இது. சொன்னதற்கு எதிராகத் தானே சொல்லும் பிழைக்கு 'மாறுகொளக் கூறல்' என்றும், சுருக்கமாக 'மாறுகோள்' என்றும் வழங்குவோம். ஒரு கூற்றை முற்றிலும் மறுக்கும் கூற்றுக்கு 'மறுதலை' என்போம். பொருள்களிலும் நலன்களிலும் விசைகளிலும் உள்ள எதிர்ப்புக்கு 'முரண்' என்றும் 'முரண்பாடு' என்றும் சொல்வோம்.

இதற்கு இரண்டு தடைகள் எழலாம். 'முரண்பாடு' என்னும் சொல் அகராதிகளிலும் பாடநூல்களிலும் எல்லாப் பொருளுக்கும் ஊன்றிவிட்டதே, இனி மாற்றலாமா என்பது ஒன்று. ஊன்றியது தமிழ்ச்சொல் என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. தண்டியலங்காரத்தில் 'விரோதம்' என நின்ற அணியை இன்று முரணணி என்று மாணவர் சொல்லும்பொழுது காது குளிர்கின்றது. அச்சொல்லை அகற்றச் சொல்லவில்லை. அதற்குரிய இடத்தில் நிறுத்தச் சொல்லுகின்றேன். வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை வைப்பதோடு தனித்தமிழ் உழைப்பு முடிந்துவிடுவதில்லை. வைத்த தமிழ்ச்சொல் மயக்கமின்றிப் பொருள் உணர்த்துகின்றதா என்று பார்ப்பதும் அவ்வுழைப்பின் பகுதியே. தூய சொல்லால் தெளிவில்லாப் பொருளைச் சொன்னால், தூய்மையால் வந்த ஊதியம் என்ன?

இது சொல்லாராய்ச்சி செய்வோர் மயிர்பிளத்தல், வாழ்க்கைக்கு ஆவதொன்றுமில்லை என்பது மற்றொன்று. இதற்கு விடையாக மீண்டும் அந்தத் தேநீர்க் கடைக்கே செல்ல வேண்டும்.

என் மாணவர்க்கு உண்மையில் ஒரு முரண் உண்டு. தாய்மொழிப் பற்று ஒருபுறம் இழுக்கின்றது. மகன் நாளை எங்கே வேலைக்குப் போவான் என்னும் அச்சம் மறுபுறம் இழுக்கின்றது. இரண்டும் மெய்யானவை. இடையிலே அவரும் அவர் மனைவியும் நிற்கின்றனர். அம்முரணை அவர் உண்டாக்கவில்லை. வேலைக்கும் உயர்கல்விக்கும் ஆங்கிலத்தையே வாயிலாக வைத்த அமைப்பு உண்டாக்கிற்று. அதற்காக நான் இரங்குகின்றேன்; அதனை மாற்ற அவரோடு சேர்ந்து போராடவும் வருவேன். ஆனால் தாம் அவ்வாறு நின்றுகொண்டே, அதே நிலையில் நிற்கும் பிறரை மேடையேறி 'இரண்டகர்' என்றாரே, அது முரண் அன்று. அது மாறுகோள். அதனை அமைப்பு செய்யவில்லை. அவர் வாய் செய்தது. முரணை உலகின்மேல் ஏற்றலாம். மாறுகோளை உலகின்மேல் ஏற்ற இயலாது. இரண்டற்கும் ஒரே சொல் இருந்தமையால்தான் அவர் இரங்கத்தக்கதைக் காட்டிக் கண்டிக்கத்தக்கதை மறைக்க முடிந்தது.

அவரை மட்டும் சொல்லி நான் விலகிக்கொள்ளுதல் முறையன்று. என் மகள் மருத்துவம் பயின்றாள். ஆங்கிலத்திலேயே பயின்றாள். தமிழில் பயில விரும்பினும் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை; அது முரண். ஆனால் பயிற்றுமொழி பற்றிப் பத்துமுறைக்கு மேல் மேடையேறிய நான், ஒருமுறையேனும் இதனைச் சொன்னதில்லை. கேட்போர் என்ன நினைப்பரோ என்று அஞ்சி மறைத்தேன். பிறரைக் கடிந்துரைத்த பொழுதெல்லாம் என் பேச்சினுள்ளும் மாறுகோள் ஒளிந்திருந்தது. இப்பொழுது எழுத்திற் சொல்லிவிட்டேன். இனி மேடையிலும் சொல்வேன்.

இதனால் நம் கோரிக்கை வலுவிழக்கும் என்று அஞ்சுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. "நானும் இவ்வமைப்பில் அகப்பட்டவன், என் மகளுக்குத் தமிழில் மருத்துவம் கற்க இடமில்லாமற் போயிற்று, ஆதலால் கேட்கிறேன்" என்று ஒருவன் சொல்லும்பொழுது கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு தந்தையும் தாயும் தம் வீட்டை நினைப்பர். "நீங்களெல்லாம் இரண்டகர்" என்னும்பொழுது கைதட்டுவர். தட்டிவிட்டு, மறுநாட் காலையில் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளி வண்டியில் ஏற்றுவர். முரணை முரணாகவே எடுத்துச் சொல்பவன் கேட்பவரைத் தன்னோடு தொடுத்துக்கொள்கிறான். முரண்தொடை செய்யுளில் செய்வது அதுவே. மாறுகொளப் பேசுபவன் தானும் அவிழ்ந்து, கூட்டத்தையும் அவிழ்த்துவிடுகிறான்.

எனவே ஆசிரிய நண்பர்கள் வகுப்பறையில் இம்மூன்று சொற்களையும் வேறுபடுத்திக் கற்பியுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அயல்மொழியில் எதிர்சொல்லலைக் குறிக்கும் சொல் வருமிடத்து, அங்கே வாய் எதிர்க்கின்றதா, பொருள் எதிர்க்கின்றதா என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். மேடையேறும் நம் தோழர்கள் அவ்வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாணவரை மீண்டும் காணும்பொழுது இவ்விதழை அவர் கையிற் கொடுப்பேன். வேலும் கேடயமும் ஒன்றையொன்று எதிர்ப்பதில் இழுக்கில்லை தம்பி. இரண்டையும் விற்கும் நாமே நம் வாயைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.